எஞ்சி நின்ற துடிப்பு

கடலிற் செல்லும் கப்பலில் ஒருவனைக் காணவில்லை எனின், அக்கப்பலில் உள்ளார் செய்யும் முதற்செயல் தலை எண்ணுதலேயாகும். மணி ஒலிக்கும், அனைவரும் தத்தமக்கு உரிய இடத்தில் வந்து நிற்பர், பெயர்கள் வாசிக்கப்படும். விடை வராத பெயர் ஒன்று இருப்பின், சிலர் அறைதோறும் புகுந்து தேடுவர். கப்பல் வந்த வழியே திரும்பும். கண்கூர்மை உடையார் உயரத்தில் நின்று அலைகளை உற்று நோக்குவர். அவன் கப்பலினுள் இருக்கின்றானா, கடலில் வீழ்ந்தானா என்னும் ஐயம் தீருமளவும் அங்கு எவர்க்கும் உறக்கம் இல்லை.

விண்மீன்களுக்கிடையே செல்லும் கலம் ஒன்றில் இவ்வாறு ஒருவன் மறைவானாயின் என் செய்வது? அத்தகைய கலம் இன்றளவும் கட்டப்படவில்லை. நிலவுலகைச் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற் பெரும்பாலும் எழுவரே தங்குவர். அங்கு ஒருவன் ஒளிந்திருத்தல் அரிது. ஆயினும் கதை புனைவோர் இதனை எண்ணிப் பார்த்துள்ளனர். அமெரிக்க நாட்டில் ஜீன் ராடன்பெரி என்பவர் படைத்த 'ஸ்டார் டிரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடர் 1966ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடங்கிற்று. அத்தொடரில் 1967ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் காட்டப்பெற்ற கதைக்குக் 'கோர்ட் மார்ஷல்' என்று பெயர். படைத்துறையினர் தம்முள் ஒருவரை விசாரிக்கும் நீதிமன்றம் என்பது அதன் பொருள். அக்கதையில் வரும் தேடல் அறிந்து இன்புறத்தக்கது.

'எண்டர்பிரைஸ்' என்பது அக்கதையில் வரும் கலத்தின் பெயர். அதில் ஏறத்தாழ 430 பேர் பணிபுரிந்தனர். கர்க் என்பான் அதன் தலைவன்; ஸ்பாக் என்பான் அறிவியல் அலுவலன்; மெக்காய் என்பான் மருத்துவன். ஃபின்னி என்பான் பதிவேடுகளைக் காத்துவந்தான். கர்க் படைப்பள்ளியில் மாணவனாய் இருந்த காலத்தில் ஃபின்னி அவனுக்கு ஆசிரியருள் ஒருவன். இருவரும் நெருங்கிய நண்பராயினர். ஃபின்னி தன் மகளுக்குக் கர்க்கின் பெயரைத் தழுவியே பெயரிட்டான் எனின், அந்நட்பின் அளவு விளங்கும். பின்னர் இருவரும் வேறொரு கலத்தில் ஒருங்கே பணிபுரிந்தபோது, ஃபின்னி மூடாது விட்ட மின்சுற்று ஒன்றைக் கர்க் கண்டான். சில நிமிடங்கள் சென்றிருப்பின் கலமே வெடித்திருக்கும். கர்க் அதனை மூடினான். கடமை கருதி நிகழ்ந்ததைக் குறிப்பேட்டிலும் எழுதினான். அவ்வொரு வரியால் ஃபின்னியின் பதவி உயர்வு தடைப்பட்டது. அன்றுதொட்டு நட்பு புகைந்து பகையாயிற்று. கர்க் உயர்ந்து தலைவன் ஆனான். ஃபின்னி அவன்கீழ்ப் பணிபுரியும் நிலையினன் ஆனான்.

ஒருநாள் கலம் அயனிப் புயலிற் சிக்கியது. கலத்தின் புறத்தே பொருத்திய சிறுகூடு ஒன்றினுள் இருந்து புயலின் இயல்பை அளத்தல் அன்று ஃபின்னியின் முறை. புயல் மிகுமாயின் அக்கூடு கலத்திற்கே கேடாய் முடியும். அதனைக் கழற்றி எறிந்துவிடல் வேண்டும். முதலில் மஞ்சள் எச்சரிக்கை. பின்னர்ச் சிவப்பு எச்சரிக்கை. சிவப்பு ஒளிர்ந்ததும் உள்ளே இருப்பவன் விரைந்து வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. கர்க் தான் சிவப்பு எச்சரிக்கை கொடுத்து, வெளியேறுதற்கு வேண்டிய நேரம் காத்திருந்து, அதன் பின்னரே கூட்டைக் கழற்றியதாகக் கூறினான். புயல் கடந்த பின்னர்க் கலம் முழுதும் தேடினர். ஃபின்னி கிடைத்திலன். இறந்தான் என்றே முடிவு செய்தனர்.

ஆனால் கலத்தின் கணிப்பொறி வேறொன்று கூறிற்று. மஞ்சள் எச்சரிக்கை இருந்தபொழுதே கர்க்கின் விரல் கூட்டைக் கழற்றும் பொத்தானை அழுத்தியதை அதன் படப்பதிவு காட்டியது. பழம்பகையை மனத்துட்கொண்டு ஒருவனைக் கொன்றான், அன்றேல் அஞ்சி நிலைகுலைந்தான் என்னும் பழி கர்க்கின்மேல் விழுந்தது. மனிதன் மறக்கலாம், பொய்யும் உரைக்கலாம். பொறி ஏன் பொய் கூறப்போகின்றது? மன்றத்தில் இருந்தார் அனைவரும் இவ்வாறே எண்ணினர். கர்க்குமே தன் நினைவை ஐயுறும் நிலைக்கு வந்தான்.

கர்க்கின்பொருட்டு வழக்காட வந்த காக்லி என்பான் விந்தையானவன். கணிப்பொறி கையெட்டும் தொலைவில் இருந்தும் அதனைத் தொடாதவன். அறை நிறையச் சட்டநூல்களை அடுக்கிவைத்து, ஏடு புரட்டிப் படிப்பதிலேயே இன்பம் கண்டவன். எனினும் வழக்கைத் திருப்பியது அவன் நூல்கள் அல்ல. ஸ்பாக் ஆடிய சதுரங்கமே. நண்பன் துயருறும் வேளையில் இவன் கணிப்பொறியோடு விளையாடிக்கொண்டிருக்கின்றானே என்று மருத்துவன் வெகுண்டான். ஸ்பாக்கோ மீண்டும் மீண்டும் வென்றுகொண்டிருந்தான். அப்பொறிக்குச் சதுரங்கம் கற்பித்தவன் அவனே; தான் அறிந்த அனைத்தையும் அதற்குப் புகட்டியிருந்தான். ஆகவே ஆட்டந்தோறும் இருவரும் சமமாக முடிதல் வேண்டுமேயன்றி அவன் வெல்லுதல் இயலாது. வென்றான் எனின், பொறியின் நினைவில் யாரோ கைவைத்துள்ளனர் என்பது தெளிவு. அவ்வாறு கைவைக்கும் திறனுடையார் அக்கலத்தில் மூவரே: தலைவன், அறிவியல் அலுவலன், பதிவேடு காப்பவன். மூன்றாமவன்தான் இறந்துவிட்டானே!

இறந்தானா? இங்கேதான் காக்லி நுண்ணிதின் ஒரு வினா எழுப்பினான். காணாமற்போனவனைத் தேடும் முறை யாது என்று கர்க்கைக் கேட்டான். அடிபட்டோ, மயங்கியோ, விடைகூற இயலாதோ கிடப்பவனைக் கண்டறியும் முறையினைக் கர்க் விளக்கினான். அம்முறை முழுவதும், தேடப்படுபவன் தன்னைப் பிறர் காண விரும்புகின்றான் என்னும் ஓர் எண்ணத்தின்மேலேயே நிற்கின்றது என்பதைக் காக்லி எடுத்துக்காட்டினான். காணப்பட விரும்பாதவன் கதவைத் தட்டினால் வாளா இருப்பான். காலடி ஓசை கேட்டால் இடம் மாறுவான். தேடி முடித்த அறையினுள் சென்று புகுவான். நூறு பேர் தேடினும் அக்கலத்தின் மூலைமுடுக்குகளை நன்கறிந்த ஒருவன் தப்புதல் எளிது. ஃபின்னி அறியாத மூலை அக்கலத்தில் யாது?

எனவே இரண்டாம் தேடல் வேறு வகையாய் அமைந்தது. மன்றத்தார் கலத்திற்கு வந்தனர். கலத்தலைமை அறையில் இருந்த சிலரையும், மக்களை ஏற்றி இறக்கும் பொறியினை இயக்குவான் ஒருவனையும் தவிர ஏனையோர் அனைவரும் தரையில் இறக்கப்பட்டனர். எந்திரங்கள் நிறுத்தப்பட்டன. கலத்தினுள் எழும் ஒலிகளைக் கேட்கும் கருவியின் ஆற்றல் பெருக்கப்பட்டது. அவ்வளவில் அறை முழுதும் 'தடக் தடக்' என்னும் ஓசை நிறைந்தது. அக்கலத்தில் எஞ்சியிருந்தோர் அனைவருடைய இதயத் துடிப்புகளும் ஒன்றோடொன்று மோதிக் கேட்டன.

மெக்காய் சிறு கருவி ஒன்றைக் கையில் ஏந்தி, அங்கிருந்தார் ஒவ்வொருவர் மார்பருகேயும் சென்றான். அவன் அதனை நீட்டுந்தோறும் ஒரு துடிப்பு அடங்கிற்று. இரைச்சல் சிறிது சிறிதாகத் தெளிந்தது. இறுதியில், தொலைவில் தனித்து நின்றவனுடைய துடிப்பையும் ஸ்பாக் நீக்கினான். அமைதி நிலவியிருத்தல் வேண்டும். ஆனால் ஒரு துடிப்பு மட்டும் ஓயாது ஒலித்துக்கொண்டே இருந்தது.

அறிந்தவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சியதைக் கொண்டு அறியாததைத் துணிதலைத் தமிழ் அளவை நூலார் 'ஒழிபு' என்பர். வடநூலார் 'பாரிசேடம்' என்பர். இருவர் பொருத போரில் ஒருவன் வென்றான் எனக் கேட்டவுடன், மற்றவன் தோற்றான் என அறிகின்றோம் அன்றோ? அதுவே இது. முதற்றேடலில் மறைந்தவனைத் தேடினர், அகப்பட்டிலன். இரண்டாம் தேடலில் மறையாதவரை விலக்கினர். மறைந்தவன் தானே வெளிப்பட்டான்.

துடிப்பு எழுந்த இடத்தை நோக்கிக் கர்க் தனியே சென்றான். எந்திரக் கூடத்தருகே ஃபின்னி உயிரோடு நின்றான். கலத்தின் ஆற்றல் செல்லும் வழிகளை அவன் முன்னரே குலைத்து வைத்திருந்தமையின் கலம் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது. மகளும் இக்கலத்திலேயே இருக்கின்றாள் என்று கேட்டபொழுதுதான் அவன் சினம் உடைந்தது. குலைத்த இடத்தை அவன் கூறக் கர்க் விரைந்து சென்று கலத்தைக் காத்தான். வழக்கு தள்ளுபடி ஆயிற்று. காக்லி அடுத்து யாருக்காக வழக்காடச் சென்றான் எனின், ஃபின்னிக்காகவே!

கதை இனிது, ஆயினும் அதில் வழுக்கள் இல்லாமல் இல்லை. ஒலி கேட்கும் கருவியின் ஆற்றலை 'ஒன்றின் நான்காம் அடுக்கு' அளவிற்குப் பெருக்கப்போவதாகக் கர்க் கூறுகின்றான். ஒன்றினை ஒன்றால் எத்தனை முறை பெருக்கினும் ஒன்றே என்பது தொடக்கப்பள்ளிச் சிறுவனும் அறிந்தது. பத்தின் நான்காம் அடுக்கு, அஃதாவது 10,000 மடங்கு, என்றிருப்பின் பொருந்தும். மருத்துவன் கையிலிருந்த கருவி ஒருவன் துடிப்பை மறைக்கும்போது, அதன் இரைச்சல் ஏனைத் துடிப்புகளையும் ஏன் மூழ்கடிக்கவில்லை என்பதும் விளங்கவில்லை.

இனி, இதயத் துடிப்பைக் கொண்டு ஒருவனைக் கண்டுபிடித்தல் மெய்யாகவே கூடுமா என்று ஆராய்வோம். இளைப்பாறி இருக்கும் முதிர்ந்தோர் இதயம் பெரும்பாலும் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கின்றது. துடிப்புதோறும் இதயத்தின் உள்வாயில்கள் மூடிக்கொள்வதால் இரண்டு ஒலிகள் எழுகின்றன. இவை மிகத் தாழ்ந்த ஒலிகள். மனிதச் செவி தாழ்ந்த ஒலிகளை நன்கு உணராது. 1816ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் என்பார் தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். வெறுஞ்செவியினும் அக்குழலில் துடிப்பு தெளிவாகக் கேட்டது. இன்று மருத்துவர் கழுத்தில் தொங்கும் கருவி அதன் வழித்தோன்றலே. மார்பைத் தொட்டு நிற்கும் குழலுக்குக் கேட்கும் ஒலி, காற்றில் ஓரிரு அடி செல்வதற்குள் தேய்ந்துவிடும். அப்பாலுள்ள எஃகுச் சுவரோ, வந்த ஒலியிற் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஆயினும் வேறு வழி உண்டு. இதயம் குருதியை உந்துந்தோறும் உடல் முழுதும் மிக நுண்ணிதாக அசைகின்றது. ஒருவன் படுத்திருக்கும் கட்டிலும் அவ்வசைவைப் பெறுகின்றது. 1990களில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தார் இதனைப் பயன்படுத்தி ஒரு கருவி அமைத்தனர். சரக்குந்து ஒன்றினுள் எவரேனும் மறைந்துள்ளாரா என அறிய வேண்டின், உந்தின் எந்திரத்தை நிறுத்துவர், ஓட்டுநர் இறங்கிவிடுவார், நுண்ணசைவை உணரும் கருவிகளை வண்டியின் உடலிற் பொருத்துவர். வண்டியில் எவரும் இலர் எனின் அசைவு இராது. இதயத்தின் அசைவு புலப்படின், உள்ளே ஓர் உயிர் உண்டு. எந்திரத்தை நிறுத்துதல், தெரிந்தவரை இறக்குதல், எஞ்சிய துடிப்பைக் கேட்டல் என்னும் கர்க்கின் முறை இங்கு அப்படியே அமைந்திருத்தல் காண்க. சிறைவாயில்களில் தப்பியோடுவாரைப் பிடிக்க இது பயன்பட்டது. பிரான்சு நாட்டுக் கலே துறைமுகத்தில், இங்கிலாந்து செல்ல விரும்பிச் சரக்குந்துகளில் ஒளிந்துவரும் ஏதிலியரைக் கண்டறியவும் இத்தகைய கருவிகள் வைக்கப்பட்டன. அங்கே மூச்சை அடக்கிக் கிடப்பவர்க்கும் இதயத்தை அடக்குதல் கூடவில்லை.

காணப்பட வேண்டும் என்று ஏங்குவாரைக் காட்டும் கருவியும் உண்டு. அமெரிக்க விண்வெளித் துறையைச் சார்ந்த ஓர் ஆய்வுக்கூடத்தார், அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையாரோடு கூடி 'ஃபைண்டர்' என்னும் கருவியைச் செய்தனர். கைப்பெட்டி ஒன்றினுள் அடங்கும் அக்கருவி ஒலியைக் கேட்பதில்லை. நுண்ணலைகளை இடிபாடுகளினுள் செலுத்துகின்றது. அவ்வலைகள் செங்கல்லையும் மண்ணையும் ஊடுருவிச் சென்று, உள்ளே கிடப்பவன் மார்பிற் பட்டு மீள்கின்றன. மூச்சாலும் துடிப்பாலும் மார்பு அசையுந்தோறும் மீளும் அலையில் சிறு மாறுதல் தோன்றும். பிற அசைவுகளைக் கழித்து, மனித இதயத்திற்கும் மூச்சிற்கும் உரிய தாளத்தைக் கருவி பிரித்தறிகின்றது. கழித்தறிதலே இங்கும் வழி.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் நேபாள நாட்டைக் கொடிய நிலநடுக்கம் தாக்கியது. சௌதாரா என்னும் ஊரில் கட்டிடங்கள் தரைமட்டமாயின. அங்கே இக்கருவியை வைத்துப் பார்த்தனர். இடிந்த கட்டிடம் ஒன்றின் அடியிலிருந்து இரண்டு துடிப்புகளும், மற்றொன்றின் அடியிலிருந்து இரண்டு துடிப்புகளும் புலப்பட்டன. சில இடங்களில் 10 அடி அளவிற்குச் செங்கல்லும் சேறும் மேலே கிடந்தன. மீட்புப் பணியாளர் அவ்விடங்களைத் தோண்டினர். நால்வரும் உயிருடன் வெளியே வந்தனர்.