வேர் ஒன்று, நோய் இரண்டு

நுழையும்முன்

இதய நோய்க்கு ஒரு மருத்துவர், புற்றுநோய்க்கு வேறொரு மருத்துவர் என நோய்களைப் பிரித்துப் பார்ப்பது நம் வழக்கம். உடலோ அவ்வாறு பிரிந்து இயங்குவதில்லை. உலகில் மிகுதியான உயிர்களைப் பறிக்கும் இவ்விரு நோய்களும் பல இடங்களில் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. அவ்வேரை அறிந்தால் இரண்டையும் ஒருசேரத் தடுக்கும் வழி புலப்படும். தொழில்வளம் பெருகிய ஒரு நிலப்பகுதியின் வாழ்வோடு பொருத்தி அவ்வுறவை விளக்குகிறது இப்பாடம்.

ஏரிகளுக்கு நடுவே எந்திரங்கள்

இராமாநுசர் பிறந்த ஊர் என்னும் சிறப்புடையது திருப்பெரும்புதூர். ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்த இவ்வட்டாரம், 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து உற்பத்தி தொடங்கியபின் விரைவாக மாறியது. ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், சுங்குவார்சத்திரம் எனத் தொழிற்பூங்காக்கள் விரிந்தன. மகிழுந்து, சரக்குந்து, மோட்டார் சைக்கிள், டயர், கைப்பேசி ஆகியன இங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன. காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் முதலிய ஊர்களிலிருந்து தொழிலாளரை ஏற்றிவரும் பேருந்துகள் இரவும் பகலும் ஓடுகின்றன.

இங்குப் பணிபுரிவோருள் பலர் இருபது வயதை ஒட்டியவர்கள். பள்ளிப்படிப்பை முடித்த சில ஆண்டுகளிலேயே பணியில் சேர்ந்தவர்கள். அவ்வயதில் மாரடைப்பும் புற்றுநோயும் தொலைவில் உள்ளவையாகத் தோன்றும். ஆயினும் இவை ஒரே நாளில் தோன்றுபவை அல்ல. பல்லாண்டுகள் ஓசையின்றி உடலுக்குள் வளர்பவை. எனவே, ஐம்பது வயதில் வெளிப்படும் நோயைப் பற்றி இருபது வயதில் அறிந்திருப்பது இன்றியமையாதது.

ஆறாத அழற்சி

இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் உட்சுவர் சிதையும்போது அங்குக் கொழுப்பு படிகிறது. அதை அகற்ற வரும் வெள்ளையணுக்களும் அவ்விடத்திலேயே தேங்கிப் படிவை மேலும் தடிக்கச் செய்கின்றன. ஒருநாள் அப்படிவு வெடித்தால் இரத்தம் உறைந்து தமனி அடைபடுகிறது. இதுவே மாரடைப்பு. புற்றுநோயின் தோற்றம் வேறு வகையானது. உயிரணுவின் மரபணுக்களில் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர, அது கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது. முன்னது அடைப்பு, பின்னது பெருக்கம். இவற்றுக்குள் உறவு எங்கே அமைகிறது?

காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவதை அழற்சி என்பர். அது உடலின் பாதுகாப்புச் செயல். காயம் ஆறியதும் அடங்கிவிடும். புகை, மிகைக்கொழுப்பு போன்றவை நாள்தோறும் உடலைத் தாக்கும்போது அழற்சி அடங்காமல் நீடிக்கிறது. அத்தகைய அழற்சி தமனியில் கொழுப்புப் படிவை வளர்க்கிறது. பிழைபட்ட உயிரணுக்கள் பெருகுவதற்கு ஏற்ற சூழலையும் உருவாக்குகிறது.

2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இவ்வுறவுக்குச் சான்றளித்தது. முன்பு மாரடைப்பு கண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். அழற்சியைத் தணிக்கும் மருந்தொன்று அவர்களுள் ஒரு பகுதியினருக்கு அளிக்கப்பட்டது. அவர்களிடையே மாரடைப்பு முதலிய இதயப் பாதிப்புகள் குறைந்தன. இதயத்துக்காகத் திட்டமிடப்பட்ட அவ்வாய்வில் நுரையீரல் புற்றுநோயும் குறைந்து காணப்பட்டது. மருந்து பெற்றோரிடம் உயிர்கொல்லும் தொற்றுகள் சற்று மிகுந்தன. எனினும் இரு நோய்களுக்கும் இடையே அழற்சி என்னும் பாலம் இருப்பதை அவ்வாய்வு சுட்டிக்காட்டியது.

பொதுவான காரணங்கள்

அப்பாலத்துக்கு இட்டுச்செல்லும் வழிகளுள் முதன்மையானது புகையிலை. அதன் புகையிலுள்ள நிக்கோட்டின் இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. கார்பன் மோனாக்சைடு, இரத்தம் ஆக்சிசனைச் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. அதே புகையிலுள்ள வேதிப்பொருள்கள் வாய், தொண்டை, நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் உயிரணுக்களைச் சிதைக்கின்றன. மெல்லும் புகையிலை வாய்ப் புற்றுநோயை வரவழைக்கிறது.

உடற்பருமனும் அவ்வாறே இரு முனைகளிலும் தாக்குகிறது. அது நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் வழிவகுத்து இதயத்தை நலிவிக்கிறது. 13 வகைப் புற்றுநோய்களோடும் தொடர்புடையதாக அறியப்பட்டுள்ளது.

பணிச்சூழலுக்கும் இதில் பங்குண்டு. உலோகப் பற்றவைப்பில் எழும் புகை, டீசல் எந்திரப் புகை ஆகியவற்றைப் புற்றுநோய் விளைவிப்பவை எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. வண்ணம் பூசும் தொழிலும் அவ்வகையிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. காற்றில் கலக்கும் நுண்துகள்களுள் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்தவை, தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே ஆனவை. அவை நுரையீரலின் அடியாழம் வரை சென்று அழற்சியை மூட்டுகின்றன. நுரையீரல் புற்றுநோய், மாரடைப்பு ஆகிய இரண்டின் வாய்ப்பையும் பெருக்குகின்றன.

இரவுப்பணியையும் இங்கு எண்ண வேண்டும். பகலில் விழித்து இரவில் உறங்குமாறு நம் உடலுக்குள் ஓர் உயிர்க்கடிகாரம் இயங்குகிறது. பகல், மாலை, இரவு எனப் பணிநேரம் மாறிக்கொண்டே இருந்தால் அக்கடிகாரம் தடுமாறும். உறக்கம், உணவுநேரம், சுரப்பிகளின் செயல் ஆகியவை குலையும். நெடுங்காலச் சுழல்முறைப் பணி இதய நோயின் வாய்ப்பைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இரவுப்பணி புற்றுநோய்க்குக் காரணமாகும் வாய்ப்பு மிகுதி என அம்முகமை 2007இல் வகைப்படுத்தி, 2019இல் உறுதிசெய்தது.

தெரிந்து தெளிவோம்

மேற்கண்ட வகைப்பாடு, சான்றின் வலிமையை மட்டுமே குறிப்பது. ஆபத்தின் அளவைக் குறிப்பதன்று. புகையிலையும் பற்றவைப்புப் புகையும் ஒரே வகையில் இடம்பெறுவதால் இரண்டும் ஒரே அளவு தீங்கானவை எனக் கொள்ளுதல் தவறு.

மருந்தும் இதயமும்

இரு நோய்களின் உறவு மருத்துவத்திலும் தொடர்கிறது. புற்றுநோய்க்குப் பயன்படும் டாக்சோரூபிசின் என்னும் மருந்து, அளவு மிகும்போது இதயத்தசையை வலுவிழக்கச் செய்யக்கூடும். இடப்புற மார்பகப் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை அளிக்கையில், அருகிலுள்ள இதயத்தின் மீதும் கதிர் படுவதுண்டு. அதன் விளைவு பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம்.

மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் முயன்று 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, இந்நோய் தீராதது என்னும் எண்ணமே பரவியிருந்தது. 1955இல் அங்குப் பணியேற்ற மருத்துவர் வி. சாந்தா தம் வாழ்நாள் முழுவதையும் அப்பணிக்கே அளித்தார். மருத்துவம் வளர்ந்து, இன்று புற்றுநோயிலிருந்து மீண்டு நெடுநாள் வாழ்வோர் பெருகியுள்ளனர். அதனால், மீண்டவரின் இதயத்தைக் காப்பது எவ்வாறு என்னும் புதிய வினா எழுந்துள்ளது. இவ்வினாவிலிருந்து தோன்றிய துறையே இதயப் புற்றுநோயியல். சிகிச்சைக்கு முன்னும் இடையிலும் பின்னும் இதயத்தின் இயக்கத்தை அளந்து, மருந்தின் அளவையும் கதிரின் திசையையும் ஒழுங்கு செய்வது அதன் பணி. இதயத்துக்கு அஞ்சிப் புற்றுநோய்ச் சிகிச்சையைக் கைவிடுதல் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கண்காணிப்பதே தீர்வு.

யார் பொறுப்பு?

காரணங்கள் பொதுவானவை எனின், தடுப்பும் பொதுவாகவே அமையும். புகைப்பதை விட்டவருக்கு ஓராண்டில் இதய நோயின் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிறது. பத்தாண்டுகளில் நுரையீரல் புற்றுநோயின் வாய்ப்பும் அவ்வாறே குறைகிறது. நாள்தோறும் நடத்தல், காய்கனி மிகுந்த உணவு, உப்பையும் மதுவையும் தவிர்த்தல் ஆகியவை இரு நோய்களுக்கும் எதிரான காப்புகள்.

ஆயினும் எல்லாப் பொறுப்பையும் தனிமனிதர் மீதே சுமத்துதல் அறமன்று. பற்றவைப்பவர் தாம் சுவாசிக்கும் காற்றைத் தாமே தேர்ந்தெடுப்பதில்லை. பணிநேர அட்டவணையும் அவர் வகுப்பதன்று. புகையை எழுமிடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு, தகுந்த முகக்கவசம், தொடர் இரவுப்பணிகளுக்கு இடையே போதிய ஓய்வு, காலமுறை மருத்துவப் பரிசோதனை ஆகியவை தொழிலகத்தின் கடமைகள்.

அரசும் இத்துறையில் செயல்பட்டு வருகிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான கவனிப்பை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்வழி, மாரடைப்பு கண்டவருக்கு உடனடி மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கின்றன. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. நாடு தழுவிய தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில், 30 வயது கடந்தோருக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றோடு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கும் பரிசோதனை செய்யப்படுகிறது. இரு நோய்களையும் ஒரே இடத்தில் தேடுவது இத்திட்டத்தின் சிறப்பு.

நம் வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குச் செல்லும் அண்ணனோ அக்காவோ தந்தையோ கடைசியாக எப்போது இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார் என இன்று மாலை கேட்போம். விடை கிடைக்கவில்லையெனில், அடுத்த விடுமுறை நாளில் அவரை அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வோம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்யப்படும் பரிசோதனைகளைக் கேட்டறிந்து பட்டியலிடுக.

2. 'நலமான பணியிடம் தொழிலாளரின் உரிமை' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.