வேகம் பிறந்த இடம்

1960-களின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் குற்றவாளிகளை வேட்டையாடிய நாயகனுக்கு முகமூடியும் துணையாளும் எவ்வளவு இன்றியமையாதவையாக இருந்தனவோ, அவ்வளவு இன்றியமையாததாக அவனுக்கென்றே வடிவமைக்கப்பட்ட காரும் இருந்தது. பார்வையாளர்கள் அந்தக் காரின் வேகத்தை வியந்தார்கள். ஆனால் அந்த வேகத்தின் பெரும்பகுதி எஞ்சினில் பிறக்கவில்லை. கேமராவிலும் படத்தொகுப்பு மேசையிலும் பிறந்தது.

இதற்குத் தலைசிறந்த சான்று, 1966 ஜனவரியில் ஏபிசி ஒளிபரப்பத் தொடங்கி 1968 மார்ச் வரை 120 பகுதிகள் ஓடிய 'பேட்மேன்' தொடரின் பேட்மொபைல். புதிய காரை அடியிலிருந்து கட்டுவதற்கு அவகாசம் இல்லாததால், கார்களின் உடற்கட்டை மாற்றியமைப்பதில் பெயர்பெற்ற ஜார்ஜ் பாரிஸ், தம்மிடம் இருந்த 'லிங்கன் ஃபியூச்சுரா' என்ற காரை இதற்கு எடுத்துக்கொண்டார். அது கடையில் விற்கப்பட்ட கார் அன்று. எதிர்காலத்துக் கார் எப்படி இருக்கும் என்று கண்காட்சிகளில் காட்டுவதற்காக, ஃபோர்டு நிறுவனம் இத்தாலியின் டூரின் நகரத்துக் கியா பட்டறையில் கையாலேயே செய்வித்து 1955-இல் வெளியிட்ட மாதிரிக் கார் அது. ஏறத்தாழ 2.5 லட்சம் டாலர் செலவில் உருவான அதை, கண்காட்சிப் பயன் தீர்ந்தபின், 1 டாலர் என்ற பெயரளவு விலைக்குப் பாரிஸ் பெற்றிருந்தார். பின்புறச் சிறகுகளும் இரட்டைக் குமிழ்க் கூரையும் அதில் முன்பே இருந்தமையால், சிறகுகளை வௌவால் இறக்கைகளாக நீட்டி, முகப்பை வௌவால் முகமாக்கி, கறுப்பு வண்ணம் பூசிச் சிவப்பு விளிம்பிடும் வேலை சுமார் மூன்று வாரங்களில் முடிந்தது. காரை விற்காமல் வாடகைக்கு மட்டுமே தந்த பாரிஸின் வணிகக் கூர்மையையும் இங்கே பாராட்ட வேண்டும். 2013-இல் அரிசோனாவில் நடந்த ஏலத்தில் அதே கார் 42 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

ஆனால் மேடையில் நிற்பதற்காகப் பிறந்த கார் துரத்தலுக்கு உகந்ததாக இருக்கவில்லை. எஞ்சின் சூடேறி நிற்பது போன்ற தொல்லைகள் படப்பிடிப்பில் வாடிக்கையாயின. இரகசியக் குகையிலிருந்து அது சீறிப் பாய்வதாகத் தோன்றும் காட்சி, லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் பூங்காவில் உள்ள பழைய கல்குவாரிச் சுரங்கத்தின் வாயிலில் எடுக்கப்பட்டது; வாயில் குறுகலாக இருந்ததால் கார் அதன் வழியே மெதுவாகத்தான் வெளிவர முடிந்தது. இக்குறையை மறைத்தது, வினாடிக்கு 24 சட்டகங்கள் பதிய வேண்டிய இடத்தில் அதைவிடக் குறைவாகப் பதிந்து, திரையிடும்போது வழக்கமான வேகத்திலேயே ஓட்டும் உத்தி. அப்போது எல்லா அசைவும் விரைந்து தோன்றும். ஒருமுறை எடுத்த அக்காட்சியையே பகுதிக்குப் பகுதி ஒட்டிக்கொண்டதால் செலவும் மிச்சமாயிற்று.

அதே 1966-இல் வந்த 'கிரீன் ஹார்னெட்' தொடருக்காக டீன் ஜெஃப்ரீஸ் கிறைஸ்லர் இம்பீரியலிலிருந்து உருவாக்கிய 'பிளாக் பியூட்டி' அழகில் அடக்கமானது, அதனாலேயே நம்பகமானது. புரூஸ் லீ ஓட்டியும் அத்தொடர் 26 பகுதிகளோடு நின்றுவிட்டது.

1975-இல் தொடங்கிய 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' இந்த மரபை நகரத் தெருவுக்கு இறக்கியது. வெள்ளைப் பட்டையிட்ட சிவப்பு ஃபோர்டு கிரான் டொரினோவில் மாறுவேடப் போலீசார் உலவுவது நகைப்புக்குரியதே. ஸ்டார்ஸ்கியாக நடித்த பால் மைக்கேல் கிளேசருக்கும் அந்தக் கார் பிடிக்கவில்லை. இத்தகைய தொடர்களில் ஒரே தோற்றமுள்ள பல கார்கள் பயன்பட்டன: அண்மைக் காட்சிகளுக்குப் பளபளப்பாகப் பேணப்பட்டது நாயகக் கார், மோதவும் தாவவும் ஒதுக்கப்பட்டவை சண்டைக்காட்சிக் கார்கள். 1982-இல் வந்த 'நைட் ரைடர்' தொடரில் பேசும் போன்டியாக் டிரான்ஸ் ஆம் உயரத் தாவிய காட்சிகளுக்கு எடை குறைந்த கண்ணாடியிழை உடல்கள் பொருத்தப்பட்டன. ஓட்டுநரின்றி ஓடுவதாகக் காட்ட, இருக்கையைப் போன்ற உறைக்குள் ஒளிந்தபடி சண்டைக் கலைஞர் ஒருவர் காரை ஓட்டினார்.

இத்தொடர்களை இன்று பார்ப்பவர்கள் துரத்தும் காரை விட்டுவிட்டுச் சாலையோரத்தில் நடப்பவர்களைக் கவனிக்கலாம். அவர்கள் இயல்பை மீறி வெடுக்வெடுக்கென்று நடந்தால், அந்தக் கார் உண்மையில் அவ்வளவு வேகமாகப் போகவில்லை.