கருவிகளுக்கும் ஒரு பதிவேடு



உங்கள் காணிக்கையால் ஒரு கருவி மருத்துவமனைக்கு வந்து சேரும்போது, அதன் படத்தையும் கொடுத்தவர் பெயரையும் இந்த இதழில் வெளியிடுவது நம் வழக்கம். அதன்பின் அந்தக் கருவி என்ன ஆயிற்று என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. இம்முறை அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை இரவொன்றில், நம் பிரசவ அறையில் குறைமாதக் குழந்தை ஒன்று பிறந்தது. குழந்தையை வைத்துச் சூடேற்றும் வார்மரைப் போட்டார்கள்; விளக்கு எரிந்தது, சூடு ஏறவில்லை. அனுபவமுள்ள சிஸ்டர் ஒருவர் சற்றும் தாமதிக்காமல் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துவைத்துப் போர்வையால் மூடினார். அதற்குள் வார்டிலிருந்து மற்றொரு வார்மர் வந்துவிட்டது. தேவ கிருபையால் குழந்தை பிழைத்தது.

மறுநாள் சர்வீஸ் நோட்டைப் புரட்டினோம். "பிரசவ அறை வார்மர் - சர்வீஸ் முடிந்தது" என்று தெளிவாக எழுதியிருந்தது. எழுதியவர் பொய் எழுதவில்லை. ஆனால் சர்வீஸ் முடிந்த சில நாளில் அறைக்கு வெள்ளையடித்தபோது, இரண்டு வார்மர்களும் இடம் மாறியிருந்தன. சர்வீஸ் ஆன கருவி வார்டில் இருந்தது. ஆகாத கருவி பிரசவ அறைக்கு வந்துவிட்டது. நம் நோட்டு அறையைப் பற்றிப் பேசியதே தவிர, கருவியைப் பற்றிப் பேசவில்லை.

இதை உங்களுக்கு விளக்க, எனக்குப் பழக்கமான உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். சபையில் ஞானஸ்நானப் பதிவேடு வைத்திருக்கிறோம். அதில் எழுதுவது ஆளின் பெயரை. அவர் உட்காரும் பெஞ்சை அல்ல. அவர் வேறு சேகரத்துக்குக் குடிபோனால் கடிதம் கொடுத்து அனுப்புகிறோம். அவர் மரித்தால் பெயரை அடித்துவிடுவதில்லை. அடக்கப் பதிவேட்டில் தேதியோடு எழுதி வைக்கிறோம். கருவிகளுக்கும் இப்படியே செய்யவேண்டும்.

லிப்ட், ஜெனரேட்டர், எக்ஸ்ரே போன்றவற்றை இருக்கும் இடத்துக்கே சென்று பழுது பார்க்கும் கம்பெனிகள், இதற்கென்றே கம்ப்யூட்டர் மென்பொருள் வைத்திருக்கின்றன. அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பக்கம் உண்டு. தயாரித்த கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், வந்த தேதி, வாரண்டி முடியும் தேதி, இப்போது இருக்கும் இடம் ஆகியவை அதில் இருக்கும். ஒவ்வொரு முறை கைவைக்கும்போதும் யார் பார்த்தார், என்ன குறை கண்டார், எந்த உதிரி பாகத்தை மாற்றினார், சோதித்தபோது அளவு என்ன காட்டியது, அடுத்த சர்வீஸ் எப்போது என்பவை கீழே சேர்ந்துகொண்டே போகும். மெக்கானிக் தம் செல்போனில் கருவியின் மேல் ஒட்டியிருக்கும் கோட்டைப் படம் பிடித்தால் அதன் பக்கம் திறக்கும். சிக்னல் இல்லாத ஊரிலும் எழுதி வைத்துக்கொள்ள வசதியுள்ள மென்பொருள்கள் உண்டு. சிக்னல் கிடைத்தபின் அவை தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்.

கயத்தாறைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1986 முதல் 1993 வரை மின்வாரியம் மாதிரிக் காற்றாலைகளை நிறுவிய இடங்களில் நம் ஊரும் ஒன்று. மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றே அவற்றுக்கு அறுவடைக் காலம். அந்த மாதங்களில் ஒன்று நின்றால் வருமானம் போயிற்று. ஆகையால் பெரிய வேலைகளைக் காற்று தொடங்குமுன் முடிக்கப் பார்ப்பார்கள். ஒரு காற்றாலையில் கழற்றிய கியர்பாக்ஸைச் சரிசெய்து இன்னொன்றில் மாட்டுவதும் உண்டு. அப்போது கியர்பாக்ஸின் கதையும் அதனோடு போகவேண்டும். போகாவிட்டால், பலமுறை பழுதான பழைய பாகத்தைப் புதிது என்று நம்பி ஏமாறுவோம். பெரிய கருவிக்குள் இருக்கும் முக்கிய பாகத்துக்கும் தனிப் பக்கம் வைப்பது இதற்காகவே.

இது சிறிய காரியமல்ல. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, வளரும் நாடுகள் 16-ல் உள்ள 1,12,040 மருத்துவக் கருவிகளின் கணக்கை ஆராய்ந்தது. அவற்றில் 38.3 சதவீதம் பயன்படாமல் கிடந்தன. பயிற்சிக் குறைவு, நிர்வாகக் குறைவு, கட்டட மின்வசதிகளின் குறைவு ஆகியவையே முக்கிய காரணங்கள் என்று கண்டார்கள். நம் நாட்டில் மத்திய அரசு 2015-ல் மருத்துவக் கருவிப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் கருவிகளைப் பட்டியல் எடுத்தார்கள். 29 மாநிலங்களில், 29,115 அரசு மருத்துவ நிலையங்களில், 7,56,750 கருவிகள் இருந்தன. மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை வேலை செய்யவில்லை. என்ன இருக்கிறது என்பதே தெரியாமல் எதைப் பழுது பார்ப்பது?

மென்பொருள் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணவேண்டாம். ஒரே கருவியை இரண்டு பெயரில் பதிந்தால் பாதிச் சரித்திரம் ஒரு பக்கத்திலும் மீதி மற்றொரு பக்கத்திலும் கிடக்கும். கழித்துப்போட்ட கருவியின் பக்கத்தை அழித்துவிட்டால், அந்த மாடல் எத்தனை ஆண்டு உழைத்தது என்று அடுத்த முறை வாங்கும்போது தெரியாது. "நீக்கப்பட்டது" என்று தேதியிட்டு வைப்பதே முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடிந்த அன்றே எழுதும் ஒழுங்கு வேண்டும். சிறிய மருத்துவமனைக்கு ஆரம்பத்தில் கம்ப்யூட்டரில் ஒரு சாதாரண அட்டவணையே போதும். நோட்டுப் புத்தகமானாலும் சரியே. கருவிக்கு ஒரு நம்பர், அந்த நம்பருக்கு ஒரு பக்கம் என்பதே அடிப்படை.

அந்த இரவுக்குப் பின் நாங்கள் செய்த முதல் வேலை, இரண்டு வார்மர்களின் மேலும் அழியாத மையில் நம்பர் எழுதியதுதான். இன்று சிஸ்டர்மார் அறையின் பெயரைச் சொல்வதில்லை, நம்பரைச் சொல்கிறார்கள்.

அன்பானவர்களே, நீங்கள் எந்த மருத்துவமனைக்குக் கருவி கொடுத்தாலும், அதன் சீரியல் நம்பர், பயன்படுத்தும் விளக்கப் புத்தகம், வாரண்டிச் சீட்டு ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஏற்கெனவே உபயோகித்த கருவியானால் அதன் பழைய சர்வீஸ் விவரங்களையும் கேட்டு வாங்கி அனுப்புங்கள். கொடுப்பதோடு நின்றுவிடாமல், ஓராண்டு கழித்து, "நாங்கள் கொடுத்த கருவி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது சர்வீஸ் ஆயிற்று?" என்று தயங்காமல் கேளுங்கள். அதைக் குறை சொல்வதாக நாங்கள் எடுத்துக்கொள்ளமாட்டோம். பதில் சொல்ல எங்களிடம் ஒரு பக்கம் இருக்கவேண்டும். அதுவே எங்கள் உக்கிராணத்துவம்.