மலைத் தோட்டமும் பட்டணமும்

பள்ளிப் படிப்பை முடித்த மகனோ மகளோ இருக்கும் தோட்டத்துக் குடும்பம் எதுவாயினும், இரவு உணவுக்குப் பின் அங்கே எழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். தோட்டத்திலேயே இருப்பதா, பட்டணத்திற்குப் போவதா என்பதே அது. தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று இளையவர் கேட்பார். பட்டணத்தில் யார் இருக்கிறார்கள் என்று பெரியவர் கேட்பார். இரண்டு கேள்விகளுமே நியாயமானவைதாம். ஆயினும் இவற்றுக்கு விடை காண வேண்டுமானால், விருப்பு வெறுப்புகளைச் சற்று ஒதுக்கி வைத்து, இரு வகை வாழ்க்கைகளின் வரவையும் செலவையும் நாம் எடை போட்டுப் பார்த்தல் வேண்டும்.

இரப்பர்த் தோட்ட வாழ்வை இதனைப் படிப்போர் நன்கறிவர். ஆகவே, ஒப்பிடுவதற்கு வேறொரு தோட்டப்புறத்தை எடுத்துக்கொள்வோம். அதுதான் பகாங் மாநிலத்தைச் சேர்ந்த கேமரன் மலை.

1885-ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதியை அளந்து ஆராய்ந்த வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளரின் பெயரே இதற்கு வழங்கலாயிற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1931-இல் முடிவுற்றது. காடாகக் கிடந்த சரிவுகளைத் திருத்தித் தேயிலைக் கன்றுகளை நட்ட கைகளுள் தமிழர் கைகளும் மிகுதி. கீழ்நாட்டில் இரப்பர்க் காடுகளை உருவாக்கிய அதே உழைப்பாளர் இனம், மேல்நாட்டில் தேயிலைச் சரிவுகளை உருவாக்கியது.

பயிர் வேறாயின் வேலையின் முறையும் வேறாகும். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் இரப்பர் மரத்தில் பால் நன்கு ஓடும். எனவே பால்வெட்டுத் தொழிலாளர் இருள் பிரியுமுன்னரே மரத்தடியில் நிற்கின்றனர். மழை பெய்தால் வெட்டு நின்றுவிடும். அன்றைய வருமானமும் குறைந்துவிடும். தேயிலையோ மழையை வேண்டும் பயிர். தூறலிலும் கொழுந்து பறிக்கும் வேலை நடைபெறும். ஈரிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியெடுத்தது பழைய முறை. இப்போது கத்தரிக்கோல்களும், இருவர் ஏந்திச் செல்லும் இயந்திரங்களும் வந்துவிட்டன. பறித்த கொழுந்து அன்றைக்கே ஆலையை அடைய வேண்டும். அங்கே அது வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, பதமாக்கப்பட்டு, உலர்த்தப்படுகிறது. ஏறத்தாழ நான்கு அல்லது ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து கிடைப்பது ஒரு கிலோ தேயிலைத் தூளே.

மலையில் வெயிலின் கொடுமை இல்லை. தானா ராத்தாவில் பகல் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது அரிது. காற்று தூயது. ஒருவர் வீட்டில் துன்பம் என்றால் லயம் முழுவதும் திரண்டு நிற்கும். இவை பட்டணத்தில் விலைக்குக் கிடைக்காதவை. விடுமுறை நாள்களில் நகரத்தார் பல மணி நேரம் வாகனமோட்டி வந்து, பணம் செலவழித்துக் கண்டு செல்லும் பசுமையை, அங்குள்ள தொழிலாளி ஒவ்வொரு காலையும் வாசற்படியிலிருந்தே காண்கிறார்.

எனினும் மலை வாழ்வில் இடர்கள் இல்லாமல் இல்லை. தாப்பாவுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையிலுள்ள வளைவு நெளிவான சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. பெருமழைக் காலத்தில் மண் சரிவு ஏற்படுவதுண்டு. 2013 அக்டோபரில் ரிங்லெட்டிலுள்ள அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பலி கொண்டது. மேற்படிப்பையும் பல்வகை வேலைகளையும் நாடும் இளைஞர் மலையை விட்டு இறங்கியே தீர வேண்டும். இரப்பர்த் தோட்டங்கள் பலவற்றிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே.

இனிப் பட்டணத்தின் பக்கத்தைப் பார்ப்போம். பட்டணத்தில் சம்பளம் கூடுதல் என்பது நெடுங்கால நம்பிக்கை. சட்டமே ஒரு காலத்தில் அவ்வாறு பிரித்து வைத்திருந்தது. 2020 பிப்ரவரி முதல் மாநகர, நகராண்மைக் கழக எல்லைகளுக்குள் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 வெள்ளியாகவும், பிற இடங்களில் 1,100 வெள்ளியாகவும் இருந்தது. 2022 மே மாதத்தில் இவ்வேறுபாடு நீக்கப்பட்டு, இரு இடங்களுக்கும் 1,500 வெள்ளி என்றாயிற்று. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஆகவே, கைத்தொழிலோ சான்றிதழோ இல்லாமல் பட்டணத்திற்குச் செல்பவருக்குச் சட்டம் உறுதி செய்வது தோட்டத்தில் உறுதி செய்யும் அதே தொகையைத்தான். ஆனால் அத்தொகையிலிருந்து வீட்டு வாடகையும், பேருந்துக் கட்டணமும், குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குரிய கூலியும் கழிய வேண்டும். தோட்டத்தில் கொல்லைப்புறத்துக் கீரையும் முருங்கையும் குழம்புச் சட்டிக்கு வரும். பட்டணத்தில் ஒரு கட்டுக் கீரைக்கும் காசு வேண்டும்.

அவ்வாறாயின் தோட்டமே மேல் என்று முடிவு செய்துவிடலாமா? இங்குதான் நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத்து வீடு நமது வீடன்று. வேலையோடு வந்த வீடு. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வீடு எத்தரத்தில் இருக்க வேண்டும் என்பதை வகுத்துரைக்கிறது. ஆனால் வேலை முடிந்த பின்னரும் அது நமக்கே உரியது என்று கூறவில்லை. குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆகும். வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒருவர், அந்த வயதில் பெட்டி படுக்கையுடன் வாடகை வீடு தேடி அலைவதைக் காட்டிலும் பெரிய துயரம் எது? தேயிலைத் தோட்டமாயினும் இரப்பர்த் தோட்டமாயினும் இக்குறை பொதுவானதே. 1957-க்குப் பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, நம் மக்கள் இழந்தது வேலையை மட்டுமன்று, கூரையையுந்தான். அந்த அனுபவத்தின் விளைவாகவே, துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

ஆதலால், தோட்டமா பட்டணமா என்பதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி, நமக்குச் சொந்தமான கூரை எங்கே என்பதாகும். அதற்கு ஒரு வழி ஊழியர் சேமநிதியில் இருக்கிறது. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 408 வெள்ளி ஆகிறது. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்டோரின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. வீடு வாங்குவதற்கு எடுக்கக்கூடிய நல்வாழ்வுக் கணக்கில் 15 விழுக்காடு சேரும். அது மாதம் 61 வெள்ளி. ஆண்டுக்கு 730 வெள்ளிக்குச் சற்று மேல். இத்தொகை சிறியதே. அதனால்தான் ஐம்பது வயதில் வீட்டைப் பற்றி எண்ணத் தொடங்குவது காலங்கடந்த செயலாகிறது. இருபத்தைந்து வயதிலேயே தொடங்க வேண்டும். கணவனும் மனைவியும் இருவரும் சந்தா செலுத்துவோராயின் சுமை பாதியாகும். முதலாளி சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் ஒழுங்காகச் செலுத்துகிறாரா என்பதைப் பட்டணத்தில் வேலை தேடும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே விசாரித்து அறிதல் அவசியம். சில வெள்ளி கூடுதலாகக் கையில் கிடைக்கிறது என்பதற்காகச் சந்தா இல்லாத வேலையில் சேர்வது, விதைநெல்லைச் சமைத்து உண்பதை ஒக்கும்.

தோட்டத்தார் என்றால் தாழ்வு என்னும் எண்ணத்தையும் நாம் களைந்தெறிய வேண்டும். கேமரன் மலையின் நீர் மின்சாரமாகிறது. அங்கு விளையும் முட்டைக்கோசும் தக்காளியும் கோலாலம்பூர்ச் சந்தைக்கு வருகின்றன. அலுவலகத்தில் அருந்தும் தேநீர் அச்சரிவுகளில் பறித்த கொழுந்து. மருத்துவர் அணியும் கையுறை மரத்திலிருந்து வடிந்த பாலாகவும் இருக்கலாம். தோட்டமின்றிப் பட்டணம் ஒரு நாளும் இயங்காது.

அதே வேளையில் காலம் மாறி வருவதையும் மறுப்பதற்கில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலேசியரில் நூற்றுக்கு 75 பேர் நகரவாசிகள். கேமரன் மலைச் சரிவுகளில் இன்று கொழுந்தெடுப்போருள் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர். நம் பிள்ளைகளில் பலர் மலையிறங்கிவிட்டனர். இரப்பர்த் தோட்டங்களிலும் இதே கதைதான்.

போவது தவறன்று, ஆயத்தமின்றிப் போவதே தவறு. போகிற பிள்ளை, தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு தொழிலைக் கற்றுச் சான்றிதழுடன் போகட்டும். இருக்கிற பெற்றோர், ஓய்வுக்கு முன்பே சொந்த வீட்டுக்கு அடிக்கல் நாட்டட்டும். இன்றிரவு உணவுக்குப் பின் அதே பேச்சு எழுமானால், ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு, குடும்பத்தார் யாவரும் சேர்ந்து இரு பக்கக் கணக்கையும் எழுதிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கணக்கின் கடைசி வரியில், அறுபது வயதில் நாம் குடியிருக்கப்போகும் வீடு எது என்பதை மறவாமல் குறிக்க வேண்டும்.