பெட்டியில் 83 லட்சம் புள்ளி, கேபிளில் 4 லட்சம்

டிவி ஷோரூமில் எந்தத் திரையைப் பார்த்தாலும் பஞ்சவர்ணக் கிளி, வெட்டிய பழம், பனிமலை என்று கண்ணைப் பறிக்கும் காட்சிகள்தான் ஓடும். கடையில் காட்டுவதற்கென்றே உயர்ந்த தரத்தில் எடுத்த படங்கள் அவை. அதே டிவி வீட்டுக்கு வந்து மாலைச் செய்தியும் சீரியலும் ஓடும்போது மங்கலாகத் தெரிகிறது. டிவியில் பழுது எதுவும் இல்லை. உள்ளே போகும் சிக்னல்தான் வேறு.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் சொல் திரையில் எத்தனை புள்ளிகள் உண்டு என்பதை மட்டுமே சொல்கிறது. 'எச்.டி. ரெடி' என்றால் பொதுவாக 1366 × 768, அதாவது சுமார் 10 லட்சம் புள்ளிகள். 'ஃபுல் எச்.டி.' 1920 × 1080. 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். '4கே' அல்லது 'அல்ட்ரா எச்.டி.' 3840 × 2160. ஏறக்குறைய 83 லட்சம். சாதாரண எஸ்.டி. சேனலின் படமோ 720 × 576, நான்கு லட்சத்தைச் சற்றே தாண்டும். அதை 4கே திரையில் போட்டால் இருபது புள்ளிக்கு ஒன்றுதான் சேனல் கொடுத்தது; மீதிப் பத்தொன்பதையும் டிவிக்குள் இருக்கும் சிப் ஊகித்து நிரப்புகிறது. 'அப்ஸ்கேலிங்' என்பது இதுதான். ஒரே அளவுள்ள இரண்டு 4கே டிவிகளில் ஒன்றில் முகம் தெளிவாகவும் இன்னொன்றில் மெழுகு பூசியது போலவும் தெரிவதற்கு இந்தச் சிப் ஒரு முக்கியக் காரணம். கடைக்காரரிடம் கிளிப் படத்தை நிறுத்திவிட்டு ஒரு சாதாரண சேனலைப் போடச் சொல்லுங்கள். படத்தை 'ஸ்டாண்டர்டு' மோடுக்கு மாற்றவும் சொல்லுங்கள். தயங்கவே வேண்டாம், பணம் உங்களுடையது.

வீட்டில் செட்டாப் பாக்ஸின் பின்பக்கத்தையும் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஏ.வி. ஒயர் செருகியிருந்தால், எச்.டி. சேனலுக்குப் பணம் கட்டினாலும் திரைக்கு வருவது எஸ்.டி. படம்தான். எச்.டி. பாக்ஸும் எச்.டி.எம்.ஐ. கேபிளும் இருந்தால்தான் எச்.டி. வரும். பல வீடுகளில் புது டிவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுவே.

புள்ளிகளைவிட வெளிச்சத்துக்குப் பணம் கொடுப்பது மேல் என்பது என் கருத்து. 43 அங்குலத் திரையை ஆறடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் ஃபுல் எச்.டி.க்கும் 4கேவுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலான கண்களுக்குப் பிடிபடாது. வெளிச்சக் குறைவு எந்தத் தூரத்திலும் தெரியும். 'எச்.டி.ஆர்.' என்று எழுதியிருந்தால், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் அந்த வகை சிக்னலை டிவி ஏற்கும் என்றுதான் பொருள். திரையின் வெளிச்சம் 250, 300 நிட்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் நின்றுவிட்டால் அதன் பலன் கண்ணுக்கு எட்டாது. எத்தனை நிட்ஸ் என்று கேளுங்கள். 'லோக்கல் டிம்மிங்' உண்டா என்றும் கேளுங்கள்; இருண்ட காட்சியில் கருப்பு சாம்பலாக வெளிறாமல் காப்பது அது.

எல்.இ.டி., கியூ.எல்.இ.டி. இரண்டுமே அடிப்படையில் பின்னால் விளக்கு எரியும் எல்.சி.டி. திரைகள்தான். கியூ.எல்.இ.டி.யில் நிறத்தைச் செறிவாக்கும் குவாண்டம் டாட் படலம் கூடுதலாக உண்டு. ஓ.எல்.இ.டி. வேறு இனம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். அதனால் கருப்பு உண்மையான கருப்பாக இருக்கும். ஆனால் காலை முதல் இரவு வரை ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன். அசையாமல் நிற்கும் சேனல் லோகோவும் செய்திப் பட்டையும் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியும் அபாயம் உண்டு.

கிரிக்கெட் பிரியர்களைக் குறிவைப்பது 'மோஷன் ரேட் 120' போன்ற எண்கள். நிறுவனங்கள் தாங்களே சூட்டிக்கொள்ளும் பெயர் அது. உள்ளே இருக்கும் பேனல் 60 ஹெர்ட்ஸாகவே, அதாவது நொடிக்கு 60 முறை மட்டுமே படத்தைப் புதுப்பிப்பதாகவே, இருக்கலாம். 'நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட்' எவ்வளவு என்று கேட்டால் உண்மை வெளிவரும். சினிமா பார்க்கும்போது செட்டிங்ஸில் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 படங்களாக எடுத்த சினிமாவின் இடையே டிவி தானாகப் படங்களைச் செருகி, அதை சீரியல் போல ஆக்கிவிடுகிறது.

இணைப்புத் துளைகளில் எச்.டி.எம்.ஐ. 2.1 வகை பெரும்பாலும் கேம் விளையாடுவோருக்கே தேவை. சவுண்ட்பார் வைக்கும் எண்ணம் இருந்தால் 'ஏ.ஆர்.சி.' அல்லது 'இ.ஏ.ஆர்.சி.' என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று பார்த்து, சவுண்ட்பாரை அதிலேயே செருகச் சொல்லுங்கள்.