சரிவின் மேல் நீளும் தளம்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டி ஒடுங்கிய தோட்டச் சாலையில் ஏறினால் சுங்கை பாலாஸ் வரும். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய 'போ' தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களில் ஒன்று அது. அங்கே தேயிலைத் தொழிற்சாலையோடு ஒரு பார்வையாளர் மையமும் இருக்கிறது. ஹுவாட் லிம், சுசான் சைட்லர் இருவரின் இசட்எல்ஜி டிசைன் நிறுவனம் அந்த மையத்தை வடிவமைத்தது. மலேசியாவின் நவீனக் கட்டடக் கலைக்கு ஓர் எடுத்துக்காட்டு கேட்டால், கோலாலம்பூரின் கோபுரங்களுக்கு முன்பாக நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த மையத்தின் தேநீர் மேடை மலைச்சரிவுக்கு வெளியே நீண்டு நிற்கிறது. நாம் உட்காரும் பலகைக்கு நேர் கீழே தேயிலைச் செடிகள். மேடையின் வெளி விளிம்பைத் தாங்கத் தூண் இல்லை. இத்தகைய அமைப்பைக் கட்டடக் கலைஞர்கள் கேண்டிலீவர் என்பார்கள். ஒரு முனை மட்டும் கட்டடத்துக்குள் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். மறுமுனை வெறுங்காற்றில் நிற்கும்.

தண்ணீர் வாளியைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். வலி விரலுக்கு முன் தோளுக்கு வரும். கேண்டிலீவரிலும் சுமை முழுவதும் கட்டடத்துக்குள் பிடிக்கப்பட்ட வேர்ப்பகுதிக்குத்தான் போகிறது. விட்டத்தின் மேற்பக்கம் இழுபடுகிறது, கீழ்ப்பக்கம் நசுங்குகிறது. கல்லும் வெறும் கான்கிரீட்டும் நசுங்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. எஃகு இரண்டையும் தாங்கும். நீளத்துக்கு இதில் பெரிய விலை உண்டு. ஒரே பருமனுள்ள விட்டத்தில், சுமை சீராகப் பரவியிருக்க, நீளத்தை இரண்டு மடங்காக்கினால் நுனியின் தொய்வு 16 மடங்காகும். பென்சில்வேனியாவில் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1930-களில் அருவியின் மேல் கட்டிய 'ஃபாலிங்வாட்டர்' வீட்டின் கான்கிரீட் மேடைகளே நாளடைவில் தொய்ந்து, பின்னாளில் எஃகு வடங்களால் இழுத்துக் கட்டப்பட்டன.

சுங்கை பாலாஸ் மையத்தில் கட்டடத்தின் எலும்புக்கூடு மறைக்கப்படவில்லை. எஃகு எஃகாகவே தெரிகிறது. சுவரின் பகுதிகளில் எஃகுச் சட்டங்களுக்குள் உருட்டுக்கட்டைத் துண்டுகளை, வெட்டுமுகம் வெளியே தெரிய அடுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வட்டமும் ஓர் அளவு. சிலவற்றில் வளையம், சிலவற்றில் வெடிப்பு. இடைவெளிகளில் வெளிச்சம் கசிகிறது, மலைக்காற்று நுழைகிறது. கொழுந்தை உலர்த்த விறகு எரித்த காலத்தில் தேயிலைத் தொழிற்சாலைகளின் ஓரமும் இப்படி அடுக்கிய கட்டைகளோடுதான் இருந்தது.

தேயிலைத் தொழிற்சாலைதான் இந்த மையத்துக்கு மூத்த உறவு. இலங்கை மலைநாட்டின் பழைய தொழிற்சாலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் தெரியும்: நெளிதகடு, வரிசை வரிசையாகச் சன்னல்கள், நீண்ட மாடிகள். பறித்த கொழுந்தைப் பல மணி நேரம் காற்றில் வாட்ட வேண்டும். அதனால் மாடி, அதனால் அத்தனை சன்னல். வாடிய கொழுந்தை உருட்டி, புளிக்க வைத்து, சூடான காற்றில் உலர்த்திச் சலிக்க வேண்டும். அறைகளை அந்த வேலையே வரிசைப்படுத்தியது. பயனே வடிவத்தைத் தீர்மானிக்கும் என்று சிகாகோவின் லூயிஸ் சல்லிவன் 1896-இல் எழுதினார். நவீனக் கட்டடக் கலை தாரக மந்திரமாகக் கொண்ட அந்தக் கருத்தைத் தேயிலை மலைகள் வேலையின் தேவையாலேயே கடைப்பிடித்தன.

தோட்டமும் ஒரு வடிவமைப்புதான். காட்டைத் திருத்தி, சரிவின் வளைவோடு வளைவாகச் செடி நட்டு, நடக்க வழிவிட்டு, இடுப்பளவுக்குக் கவ்வாத்து வெட்டி இந்த மலையை உருவாக்கியவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். வரைபடத்தில் அவர்கள் பெயர் இல்லை. மலையின் மேல் அவர்கள் கோடு இருக்கிறது. மண்ணைச் சமப்படுத்தாமல் அந்தக் கோட்டுக்கு மேலாகத் தளத்தை நீட்டியதை அவர்கள் உழைப்புக்குக் காட்டிய மரியாதையாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதில் அறிவும் இருக்கிறது. சரிவின் அடியை வெட்டினால் மேலே உள்ள மண் பிடிமானம் இழக்கும், பெருமழையில் சரியும். மலையில் தட்டையான இடம் வேண்டுமென்றால் முதலில் மண்வெட்டி இயந்திரத்தை ஏற்றுகிறோம். தளத்தை நீட்டியும் அந்த இடத்தைப் பெறலாம் என்று இந்தக் கட்டடம் செய்துகாட்டுகிறது. அடுத்தமுறை அங்கே தேநீர் குடிக்கப் போகிறவர்கள் மேடையின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். மலையில் கட்ட நினைக்கும் ஒவ்வொருவருக்கும் அங்கே பாடம் இருக்கிறது.