விண்டோஸ் போட்டுத்தான் குடுத்தாங்க

பக்கத்து லயத்து அக்கா போன வருஷக் கடைசியில் ஹட்டனில் ஒரு கடையில் மகளுக்காகப் பழைய லெப்டொப் ஒன்று வாங்கினார். விலை 58,000 ரூபா. அப்போது தேயிலைத் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஆக, நாற்பத்து மூன்று நாள் கொழுந்து.

அக்கரப்பத்தனை மழையில் பொலித்தீன் பையில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார். "புது விண்டோஸ் போட்டுத்தான் குடுத்தாங்க தம்பி. ஆனா மூலையில ஏதோ எழுத்து வந்து நிக்குது. கொமினிகேஷன்காரத் தம்பி க்ராக் போட்டா போயிரும்னு சொல்லுது."

மூலையில் நின்றது, விண்டோஸைச் செயற்படுத்தச் சொல்லும் மங்கலான ஆங்கில வரி. அதாவது உரிமம் இல்லை. உள்ளே இருந்தது விண்டோஸ் 10. அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. மைக்ரோசொஃப்ட் கணக்குத் திறந்து பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தவணை. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால் ப்ரொசெஸர் ஐ5-6300. கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம் 6, அதாவது ஆறாம் தலைமுறை. இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். கடையில் நிற்கும்போதே இந்த ஒரு இலக்கத்தைப் பார்த்திருந்தால் விலை பேசவாவது முடிந்திருக்கும்.

க்ராக் விஷயத்துக்கு வருவோம். உரிமம் இருப்பதாக விண்டோஸை ஏமாற்றும் நிரல் அது. அதைப் போடுபவர் முதலில் செய்வது ஆன்டிவைரஸை நிறுத்துவது. பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு முன்பின் தெரியாதவனை உள்ளே விடும் வேலை. 2021இல் கேஎம்எஸ்பிகோ என்ற க்ராக்கின் பெயரில் பரப்பப்பட்ட கோப்புகளில், கடவுச்சொற்களைத் திருடும் கிரிப்ட்பொட் என்ற தீநிரல் ஒளிந்திருந்தது தெரியவந்தது. வங்கிக் கணக்கை போனில் பார்க்கிற வீட்டில் லெப்டொப்தானே என்று அலட்சியப்படுத்த முடியாது. இரண்டிலும் இருப்பது ஒரே மின்னஞ்சல். சட்டமும் நம் பக்கம் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் காக்கிறது.

"புள்ள இதுல என்ன செய்யப் போகுது?" என்று கேட்டேன். விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமையைத் தெரிவு செய்யக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறாள். பைதன், எச்டிஎம்எல், தரவுத்தளம், விரிதாள். இவை எல்லாமே லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையில் ஓடும், அதற்குக் காசும் இல்லை. அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22க்கு 2029 வரை திருத்தங்கள் வரும்.

உடனே விண்டோஸை அழித்துவிட்டு மின்ட் போடவில்லை. ஏறக்குறைய 3 ஜிபி இறக்கவேண்டும், டேட்டா முடிந்துவிடும் என்று இரவுப் பெக்கேஜில் இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்தே லெப்டொப்பைத் திறந்தோம். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே வைஃபை பிடிக்கிறதா, சத்தம் கேட்கிறதா, கெமரா வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தமிழ் தட்டச்சும் வந்தது. டியூஷன் நோட்ஸ் பாமினியில் இருந்ததால் அந்த எழுத்துருவையும் சேர்த்தோம். பிறகுதான், இருந்த படங்களை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, முழுதாக நிறுவினோம்.

இதே யோசனையைக் கொமினிகேஷன்காரத் தம்பிக்குச் சொல்லமாட்டேன். அவருக்கு போட்டோஷொப் வேண்டும், பழைய பிரிண்டர் இருக்கிறது, வாடிக்கையாளர் கொண்டுவரும் வேர்ட் கோப்பு ஒரு வரி நகராமல் அச்சாக வேண்டும். அவர் உரிமத்தோடு விண்டோஸ் 11 வாங்குவதே தொழிலுக்கு நல்லது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய குரோம்புக் வாங்குபவர்கள், அந்த மொடலுக்குத் தானியங்கித் திருத்தம் எந்தத் திகதியில் முடிகிறது என்று தேடிப் பார்த்த பின் காசை எண்ணட்டும். மெக்கின் விலையை நினைத்தால் இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை.

இனி பில். அக்காவின் பில்லில் 'லெப்டொப் 1' என்று மட்டும் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும். பொருளைப் பற்றிப் பொய் விவரம் சொல்லி விற்பதும் குற்றம். ஆனால் சொன்னது எழுத்தில் இருந்தால்தான் வாதாட முடியும். மொடல், ப்ரொசெஸர், ரேம், எந்த விண்டோஸ், உரிமம் உண்டா, உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதெல்லாம் பில்லில் ஏறவேண்டும். கடை மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது அரசியலமைப்பு தந்த உரிமை. இணையக் கணக்குகள் களவு போனால், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் 101க்கு அழைக்கலாம்.

போன மாதம் அக்காவின் தம்பி வேறொரு கடைக்குப் போனார். விண்டோஸ் ஒரிஜினலா என்று கேட்டாராம். "ஆமா" என்றார்களாம். அப்படியென்றால் பில்லில் அதை எழுதித் தாங்க என்றாராம். கடைக்காரர் பேனாவை எடுத்தார், மூடினார், "அதெல்லாம் எழுதுறதில்ல" என்றார். இவர் வெறுங்கையோடு அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஏறிவிட்டார்.